கால்நடை மருத்துவர் விளையாட்டு: ஊசி போட்டாச்சு, அப்புறம்?

முகிலம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு நாலு வயது. இப்போது அவளுக்கு முழுநேர வேலையே பொம்மைகளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான். கரடி, நாய், ஒரு காது போன முயல், ரப்பர் வாத்து எல்லாம் வரிசையாகப் படுத்திருக்கும். அம்மணி வருவார், ஆளுக்கொரு ஊசி நறுக்கென்று குத்துவார், "சரியாப் போச்சு, வீட்டுக்குப் போ" என்பார். அவ்வளவுதான் மருத்துவமனை. அடுத்த நிமிடம் "இப்ப என்னம்மா பண்றது" என்று என்னிடம் வந்து நிற்பாள். கடையில் வாங்கிய டாக்டர் பெட்டியிலும் ஊசிதான் பெரிதாக இருக்கிறது, மற்றதெல்லாம் ஒப்புக்கு.

மிருகங்களுக்குத் தனியாக டாக்டர் உண்டு என்று ஒருநாள் சொன்னேன். கண் விரிந்துவிட்டது. அவங்க என்ன செய்வாங்க என்று கேட்டாள், நமக்கு டாக்டர் செய்வதையே அவற்றுக்கும் செய்வாங்க என்று சொன்னேன். எங்கள் வீட்டில் நாய் பூனை எதுவும் கிடையாது, அப்படி ஒரு மருத்துவமனைக்குள் நான் போனதும் இல்லை, அதற்கு மேல் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. இந்த விளையாட்டை வைத்தே கால்நடை மருத்துவர் யார், என்ன செய்வார் என்று அவளுக்குக் கொஞ்சம் காட்ட முடியுமா? வீட்டில் இப்படி விளையாடுகிறவர்கள் சொல்லுங்கள். புதிதாகப் பொம்மை வாங்கச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே நடக்க இடமில்லை.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

நாலு வயசுப் பிள்ளை பொம்மைக்கு ஊசி போடுது. போடட்டுமே. அதிலும் பாடம் நடத்தணுமா? அதுவா விளையாடி அதுவா கத்துக்கும், விட்ருங்க.

மழலை_டீச்சர் எழுதியது:

ஒருத்தன் சொல்வதில் பாதி சரி. பாவனை விளையாட்டுக்குள் பெரியவர்கள் பாடப் புத்தகத்தோடு நுழைந்தால் குழந்தை எழுந்து போய்விடும். "இது பேர் என்ன, சொல்லு பார்க்கலாம்" என்று ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கிக் காட்டினால் அங்கேயே விளையாட்டு செத்தது, பரீட்சை ஆரம்பித்தது. ஆனால் முகிலம்மா கேட்பது அதை இல்லையே. குழந்தைக்குத் தெரிந்த கதை ஊசியோடு முடிகிறது, அதனால் விளையாட்டும் அங்கேயே முடிகிறது. கதைக்குத் தீனி போட வேண்டியது நம் வேலை.

எங்கள் மழலையர் பள்ளியில் நான் செய்வதைச் சொல்கிறேன். நான் டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆளாக இருப்பதே இல்லை. நாயைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவரும் ஆளாக இருப்பேன். "டாக்டர், டாக்டர், இவன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடல, மூலையிலேயே படுத்திருக்கான், என்னன்னே தெரியல, கொஞ்சம் பாருங்க." அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, காத்திருக்கணும். முதல் தடவை குழந்தை ஊசியைத்தான் எடுக்கும். எடுத்தால் நான் கேட்பேன், "எங்க வலிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா டாக்டர்?" இந்தக் கேள்வியில் பெரும்பாலான குழந்தைகள் ஒரு நொடி நின்றுவிடும். அப்புறம் நாயையே கேட்கும், "எங்க வலிக்குது?" நான் உடனே, "அவனுக்குப் பேச வராதே டாக்டர்."

அங்கேதான் எல்லாம் இருக்கிறது. சாதாரண டாக்டர் விளையாட்டில் நோயாளி "வயிறு வலிக்குது" என்று சொல்லிவிடுவார். இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். டாக்டர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும், கூட வந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளணும். குழந்தை குனிந்து பொம்மையின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும், காதுக்குள் எட்டிப் பார்க்கும், என் பக்கம் திரும்பி "தண்ணி குடிச்சானா?" என்று கேட்கும். நான்கைந்து வயதுக் குழந்தை இன்னொருவரிடம் தகவல் கேட்டு வாங்கி அதை வைத்து முடிவு செய்வது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் வேடங்களை மாற்றிக்கொண்டே இருங்கள். இன்று அவள் டாக்டர், நாளைக்கு அவள் நாய்க்குச் சொந்தக்காரி, இன்னொரு நாள் அவளே நாய். நாயாக இருக்கும்போது பேசக் கூடாது என்பது விதி. வலிக்கிற காலை மட்டும் தூக்கிக் காட்டலாம், முனகலாம், காதைத் தொட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் டாக்டர் வேடத்தைவிட இதற்குத்தான் சண்டை.

முகிலம்மா எழுதியது:

டீச்சர், "அவளே நாய்" எனக்குத் தோன்றவே இல்லை! இன்றைக்கே செய்கிறேன். ஆனால் டாக்டர் வேடத்தில் நான் இருந்தால் என்ன கேட்பது, என்ன பார்ப்பது என்று எனக்கே தெரியாதே. யாராவது நிஜ டாக்டர் இருக்கிறீர்களா இங்கே?

மாட்டுடாக்டர் எழுதியது:

இருக்கிறேன். மாடு பாதி, நாய் பூனை பாதி என்று ஓடிக்கொண்டிருக்கிறது பிழைப்பு. டீச்சர் சொன்ன "அவனுக்குப் பேச வராதே" தான் எங்கள் தொழிலின் முதல் பாடம், அதை அவர் நாலு வயதில் நடத்துகிறார், எங்களுக்குக் கல்லூரியில் நடத்தினார்கள்.

நிஜத்தில் நடக்கும் வரிசையைச் சொல்கிறேன், உங்களுக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தொடுவதே இல்லை. நாய் உள்ளே நடந்து வரும்போதே பார்த்துவிடுவோம்: நொண்டுகிறதா, தலை சாய்ந்திருக்கிறதா, மூச்சு எப்படி, வால் எங்கே இருக்கிறது. அடுத்தது எடை. மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் கணக்குப் போடுவோம், அரைக் கிலோ பூனைக்குட்டிக்கும் ஐம்பது கிலோ நாய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது. தராசில் நிற்காத பூனை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறி நின்று, அப்புறம் ஆள் மட்டும் நின்று, கழித்துக்கொள்வோம். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் உங்கள் மகள் கரடியோடு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும். பெரிய கரடியாக இருந்தால்தான் முள் நகரும் என்பது வேறு விஷயம்.

அதற்கப்புறம் மூக்கில் ஆரம்பித்து வாலில் முடிப்போம். கண், காது, வாய். ஈறு வெளிறாமல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து, விரலால் அழுத்திவிட்டு எடுப்போம், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரணும். இதைக் குழந்தை தன் நகத்தை அழுத்தியே பார்த்துக்கொள்ளலாம், மந்திரம் மாதிரி இருக்கும். தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் சட்டென்று படியணும், மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கலாம். வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அமுக்கிப் பார்ப்போம், எங்கே அமுக்கும்போது நெளிகிறது என்று கவனிப்போம். நாயின் இதயத்தை இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்போம். தெர்மாமீட்டர் எங்கே வைப்போம் என்று கேட்காதீர்கள், வாலைத் தூக்கி அங்கேதான். இதைச் சொன்னால் எந்தக் குழந்தையும் பத்து நிமிடம் சிரிக்கும், அப்புறம் வாழ்நாளுக்கும் மறக்காது.

நாய்க்கு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான சூடு, நமக்கு அது காய்ச்சல். கோழிக்கு 105க்கு மேலே போகும், அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். பூனையின் இதயம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140க்கு மேல் துடிக்கும், யானைக்கு 30 பக்கத்தில்தான்.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

டாக்டர், நல்லாத்தான் இருக்கு, ஆனா நாலு வயசுக்கு 101, 140 எல்லாம் என்னத்துக்கு? அந்தப் பிள்ளைக்கு இருபது வரைக்கும் எண்ணத் தெரிஞ்சாலே பெரிசு.

மாட்டுடாக்டர் எழுதியது:

எண் உங்களுக்கு, ஒருத்தன். பிள்ளைக்குத் தாளம். பூனை மேசைக்கு வந்தால் விரலால் டக்டக்டக்டக் என்று வேகமாகத் தட்டுங்கள். யானை வந்தால் டொம்... ஒரு மூச்சு விட்டு... டொம். பெரிய உடம்புக்கு மெதுவாகத் துடிக்கும், சின்ன உடம்புக்கு வேகமாகத் துடிக்கும் என்பதை எண்ணே இல்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அடுத்த தடவை எலி வந்தால் தானாகவே இன்னும் வேகமாகத் தட்டும் பாருங்கள்.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

சரி, இது நல்லாருக்கு. ஒத்துக்கிறேன்.

நிலாப்பூனை எழுதியது:

எங்கள் வீட்டில் சிக்கல் நேர் எதிர். நிஜப் பூனை இருக்கிறது. மகனுக்கு அஞ்சு வயது ஆகப்போகிறது, பொம்மையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, பூனையைப் பிடித்துக் கட்டுப்போட வேண்டும் என்று நிற்கிறான். பூனை இதுவரை பொறுமையாகத்தான் இருக்கிறது. விடலாமா? "அன்பா வளர்ந்த பூனை, ஒண்ணும் செய்யாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

மாட்டுடாக்டர் எழுதியது:

விடாதீர்கள். இதில் மட்டும் நான் கறார். பொறுமையாக இருப்பது வேறு, பிடித்துப்போய் இருப்பது வேறு. பூனை காதைப் பின்னால் மடக்கினால், வாலைப் படபடவென்று அடித்தால், உடம்பைத் தரையோடு ஒட்டினால், அது "போதும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நாய் என்றால் உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொள்ளும். இதெல்லாம் முடிந்தும் யாரும் கேட்கவில்லை என்றால்தான் உறுமும், அதற்கும் கேட்கவில்லை என்றால் கடிக்கும். உறுமும் நாயை அடித்துத் திட்டி அடக்காதீர்கள், எச்சரிக்கையை நிறுத்தினால் அடுத்தது நேராகக் கடிதான். சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் பழகிய நாயாகத்தான் இருக்கும், முகத்தைக் குனிந்து கொண்டுபோவதால் கடியும் முகத்தில்தான் விழும்.

ஆனால் உங்கள் மகனின் ஆர்வத்தை வீணாக்க வேண்டாம், நிலா. அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தொடாமல் பார்க்கும் டாக்டர். பூனை தூங்கும்போது இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்க்கட்டும். இன்று தண்ணீர்க் கிண்ணம் குறைந்திருக்கிறதா, மண்தட்டில் (பூனையின் கழிப்பறை) போனதா, சாப்பிட்டதா என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறிக்கட்டும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நாங்கள் உங்களிடம் கேட்கும் முதல் மூன்று கேள்விகளே இவைதான், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அவனுக்குத் தெரியும். கட்டுப்போடுவது, வாயைத் திறப்பது, அமுக்குவது எல்லாம் பொம்மைக்கு.

நிலாப்பூனை எழுதியது:

நன்றி டாக்டர். மண்தட்டு விசாரணை அதிகாரியாக அவன் பொங்கிவிடுவான், அது எனக்குத் தெரியும்.

தாரகை_2 எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். பொம்மை ஊசியையே எடுத்துவிட்டால் என்ன? என் மகளுக்கு நிஜத்தில் ஊசி என்றால் அலறல். இந்த விளையாட்டில் தினமும் குத்திக் குத்திப் பயம் கூடாதா? நான் பெட்டியிலிருந்து அதை ஒளித்து வைத்துவிட்டேன், மற்றதை வைத்து விளையாடுகிறாள்.

மழலை_டீச்சர் எழுதியது:

தாரகை, என் அனுபவத்தில் ஒளித்து வைத்தால் பென்சில் ஊசியாகிவிடும், பென்சிலையும் எடுத்தால் விரல். பயந்த விஷயத்தைத்தான் குழந்தைகள் திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். நிஜத்தில் ஊசி அவர்கள் மேல் நடக்கிறது, அவர்கள் கையில் எதுவும் இல்லை. விளையாட்டில் ஊசி அவர்கள் கையில். முகிலம்மா வீட்டில் கரடிக்கு இத்தனை ஊசி விழுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், அதனால் ஊசியைத் தடை செய்யாமல் அதற்கு முன்னாலும் பின்னாலும் கதையை நீட்டுங்கள். எதற்கு இந்த ஊசி? யார் நாயைப் பிடித்துக்கொள்வது? போட்ட பிறகு யார் தடவிக்கொடுப்பது?

ஒன்றே ஒன்று, நாயின் காதில் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பொய் என்று அவளுக்கே தெரியும். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போயிடும், நான் பிடிச்சிருக்கேன்" என்று நீங்கள் பொம்மையிடம் சொன்னால், அடுத்த முறை தனக்கு ஊசி போடும்போது அதையே உங்களிடம் எதிர்பார்ப்பாள். சொல்லுங்கள்.

மாட்டுடாக்டர் எழுதியது:

எதற்கு இந்த ஊசி என்பதற்கு நான் பதில் தருகிறேன். நோய் வந்த பிறகு போடும் ஊசி ஒன்று, வராமலிருக்கப் போடும் ஊசி ஒன்று. நாய்க்கு வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசி நாய்க்காக மட்டும் இல்லை, அதைக் கொஞ்சும் ஆட்களுக்காகவும்தான். மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் வழியாகத்தான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம், சந்தேகமான விலங்கிடம் கடிபடுவோரில் பத்தில் நாலு பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நாலு வயதுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், "இந்த ஊசி போட்டா நாய்க்கும் உனக்கும் ரெண்டு பேருக்கும் நல்லது" போதும். ஆனால் ஒன்றை விளையாட்டிலேயே பழக்குங்கள்: எந்த விலங்கு கடித்தாலும் கீறினாலும் உடனே பெரியவர்களிடம் சொல்லணும், திட்டுவார்கள் என்று மறைக்கக் கூடாது. பெரியவர்களுக்கு: சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கழுவிவிட்டோமே என்று வீட்டில் உட்காராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

காகிதக்கப்பல் எழுதியது:

கைவேலைப் பிரிவிலிருந்து வந்திருக்கிறேன், என்னை விட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன், சுருக்கிக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே: கறுப்புத் தாளில் காது குடையும் பஞ்சுக் குச்சிகளை ஒடித்து எலும்புக்கூடாக ஒட்டுங்கள். தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நிஜ எக்ஸ்ரே தோற்றுப்போகும். ஒரு காலில் மட்டும் குச்சியை உடைத்து ஒட்டி வைத்தால் குழந்தை தானே கண்டுபிடிக்கும். கழுத்துக் கூம்பு: காகிதத் தட்டில் நடுவில் வட்டம் வெட்டி ஒரு பக்கம் கத்தரித்துச் சுருட்டுங்கள். அது எதற்கு என்று குழந்தை கேட்டால், நாய் தையலை நக்கிப் பிரித்துவிடும், அதனால்தான். கட்டுப்போட பழைய பருத்தித் துணி கிழித்த பட்டைகள். பதிவேடு ஒன்று கட்டாயம், எழுதத் தெரியாத குழந்தைகூட அதில் கிறுக்கி "மூணு வேளை" என்று கிழித்துக் கொடுக்கும், அந்த மருந்துச் சீட்டை நீங்கள் பயபக்தியோடு வாங்கிக்கொள்ளணும்.

வைக்கக் கூடாதவை: நிஜ மாத்திரையின் காலி அட்டை, காலி சிரப் பாட்டில். மாத்திரை விளையாட்டுப் பொருள் இல்லை, மிட்டாயும் இல்லை. சத்தம் போடும் டாக்டர் பெட்டிகளில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா பாருங்கள், விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டியபடி ஓடவோ தூங்கவோ விடாதீர்கள்.

முகிலம்மா எழுதியது:

கப்பல், அந்த எக்ஸ்ரே! ரப்பர் வாத்துக்குக் கால் முறிவு என்று இன்று தீர்ப்பாகிவிட்டது, வாத்துக்குக் காலே கிடையாது என்று நான் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு நாய் பூனை அலுத்துவிட்டது. மாடு, கிளி, ஆமை என்று கேட்கிறாள். மாட்டுக்கு நாய்க்குப் பார்ப்பது மாதிரியே பார்த்தால் போதுமா டாக்டர்?

மாட்டுடாக்டர் எழுதியது:

போதாது, அதில்தான் எங்களுக்குக் கிறுக்குப் பிடிக்கும். மனிதனுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு ஒரே உடம்பு. எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு உடம்பு.

மாட்டை மேசையில் ஏற்ற முடியாது, அதனால் நாங்கள்தான் அதன் இடத்துக்குப் போவோம், சேற்றில் நின்றுகொண்டு பார்ப்போம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் "பயணம்" போகச் சொல்லுங்கள், பூட்ஸ் மாட்டிக்கொண்டு. வாயைப் பார்த்தால் மேலே முன்பற்களே இருக்காது, கெட்டியான ஈறுதான். விழுந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், எல்லா மாட்டுக்கும் அப்படித்தான். வயிற்றில் நாலு அறை. பெரிய அறை இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கடகடவென்று உருளும் சத்தம் கேட்கும். அது கேட்டால் எனக்கு நிம்மதி. கேட்கவில்லை என்றால், அசையும் போடவில்லை என்றால், மாடு கஷ்டப்படுகிறது. உங்கள் மகள் மாட்டின் வயிற்றில் காதை வைக்கும்போது நீங்கள்தான் பின்னால் இருந்து கடகட சத்தம் கொடுக்கணும்.

மேயும்போது மாடு கம்பி, ஆணி எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். அது வயிற்றைக் குத்தாமல் இருக்க ஒரு நீளக் காந்தத்தை விழுங்க வைப்போம், காந்தம் உள்ளேயே தங்கி ஆணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதை இல்லை, நிஜமாகவே செய்கிற வைத்தியம்.

கிளி, கோழி எதுவானாலும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் நமக்கு மூச்சிழுக்க இருக்கும் தசை, அதாவது உதரவிதானம், பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே. துண்டில் தளர்வாகச் சுற்றணும். ஆமையின் ஓடு சட்டை மாதிரி கழற்றிப் போடுவது இல்லை, முதுகெலும்பும் விலாவும் அதோடு ஒட்டியே இருக்கும், ஓட்டில் கீறல் என்றால் உடம்பில் காயம். முயலும் குதிரையும் வாந்தி எடுக்கவே முடியாது. இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம், மாடு காத்திருக்கிறது.

காகிதக்கப்பல் எழுதியது:

ஐயோ, காந்த வைத்தியம்! அட்டைப் பெட்டி மாடு, வயிற்றில் ஓட்டை, உள்ளே காகிதக் கிளிப்புகள், நூலில் கட்டிய காந்தத்தை இறக்கிப் பிடிப்பது. இதோ ஆரம்பிக்கிறேன்.

நிலாப்பூனை எழுதியது:

கப்பல், காந்தம் கையளவு பெரியதாக இருக்கட்டும். நீளக் காந்தத்தை மாடு விழுங்கினால் வைத்தியம், குட்டிக் குண்டுக் காந்தங்களைப் பிள்ளை விழுங்கினால் ஆபரேஷன். ஒன்றுக்கு மேல் உள்ளே போனால் குடலை நடுவில் வைத்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும், குடலே ஓட்டையாகிவிடும். கிளிப்பும் சின்னப் பிள்ளைகள் வாயில் போகும், முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

காகிதக்கப்பல் எழுதியது:

சரியான பேச்சு. பெரிய லாடக் காந்தம், நூலோடு, பக்கத்தில் நான். கிளிப்புக்குப் பதில் காந்தத்தில் ஒட்டும் சமையலறைக் கரண்டி.

தாரகை_2 எழுதியது:

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். நேற்று என் மகள் யானைப் பொம்மைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, "யானை செத்துப்போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. "இல்லை, யானை பிழைச்சிடுச்சு பார்" என்று நான் அதை எழுப்பி நிற்க வைத்தேன். அவள் கோபமாக மறுபடி படுக்க வைத்தாள்.

மழலை_டீச்சர் எழுதியது:

யானை செத்தது அவளுடைய கதை, தாரகை. எழுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயோ, யானைக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதைக் கேட்டாலே எங்கேயோ பார்த்ததா, யாரோ சொன்னதா, வெறுமனே சோதித்துப் பார்க்கிறாளா என்று தெரியும். இந்த வயதில் சாவு என்றால் திரும்பி வராதது என்ற நினைப்பே இன்னும் முழுதாக வந்திருக்காது, அடுத்த அரை மணியில் அதே யானை எழுந்து ஊஞ்சல் ஆடும். அவளாக எழுப்பட்டும். "தூங்கிடுச்சு" என்று மட்டும் மழுப்பாதீர்கள், ராத்திரி அவளே தூங்கப் பயப்படுவாள். நாலு நாளும் யானை செத்துக்கொண்டே இருந்து, அவள் முகத்தில் விளையாட்டே இல்லை, சாப்பாடு தூக்கம் மாறுகிறது என்றால் அப்போது குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

மாட்டுடாக்டர் எழுதியது:

எங்களாலும் காப்பாற்ற முடியாமல் போவது உண்டு, தாரகை. அப்போது கூட வந்தவரிடம் நாங்களே உட்கார்ந்து சொல்வோம், அதுவும் இந்த வேலையில் ஒரு பகுதி. அவள் டாக்டராக இருந்தால் யானைக்காரரிடம் அவளே சொல்லட்டும். நீங்கள் யானைக்காரர். அழ வேண்டும் என்று தோன்றினால் கொஞ்சம் அழுங்கள், டாக்டர் என்ன செய்கிறார் பார்ப்போம்.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

எல்லாரும் நாய் பூனை மாடுன்னே பேசுறீங்க. கால்நடை டாக்டர்னா வைத்தியம் மட்டும்தானா? ஊரே காலியாகிற மாதிரி மாட்டுக்குக் கொள்ளைநோய் வருமாமே அந்தக் காலத்துல.

மாட்டுடாக்டர் எழுதியது:

பாடம் வேண்டாம் என்றவரே கேட்கிறார் பாருங்கள். ரிண்டர்பெஸ்ட் என்கிற வெக்கை நோய். மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. 1761இல் பிரான்ஸின் லியோன் நகரில் கிளோட் பூர்ஜெலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்க அனுமதி பெற்றதற்கு இந்த நோயும் ஒரு காரணம். தடுப்பூசி போட்டுப் போட்டு, 2011இல் உலகத்திலேயே இந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் அதுதான். மனித டாக்டர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, கணக்கு சமம். இது பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. பிள்ளைக்கு என்றால் எல்லா மாட்டுப் பொம்மைகளையும் வரிசையில் நிறுத்தித் தடுப்பூசி முகாம் போடுங்கள். முகிலம்மா மகளுக்கு ஊசி பிடிக்கும், மாடு எத்தனை இருக்கிறதோ அத்தனை ஊசி.

முகிலம்மா எழுதியது:

ஆஹா, இதை அவளிடம் சொன்னால் கரடியும் மாடாகிவிடும்.

அவசரமாக ஒரு கேள்வி. இப்போது மீன் வந்திருக்கிறது. காகித மீன். "மீனுக்கு எங்கே ஸ்டெதஸ்கோப் வைக்கிறது" என்று கேட்கிறாள், நான் "டாக்டர் மாமாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். மீனுக்கெல்லாம் நிஜமாகவே டாக்டர் உண்டா?

மாட்டுடாக்டர் எழுதியது:

உண்டு. மீனுக்கு ஆபரேஷன்கூடச் செய்வார்கள், மயக்க மருந்தைத் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரைச் செவுளுக்குள் விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். மீன் டாக்டர் முதலில் பார்ப்பது மீனை இல்லை, தொட்டியை. தண்ணீர் எத்தனை நாளாக மாற்றவில்லை, எவ்வளவு சூடு, அதில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறியிருக்கிறதா, ஒரே தொட்டியில் எத்தனை மீன். வீட்டுத் தொட்டி மீனுக்கு வரும் கோளாறில் நிறையத் தண்ணீரில்தான் ஆரம்பிக்கும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அவள் அதைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கட்டும். அப்புறம் மீன்காரரை நாலு கேள்வி கேட்கட்டும், நீங்கள் முழிக்கணும். காகித மீனைத் தண்ணீரில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகிலம்மா எழுதியது:

போட்டாச்சு டாக்டர். அடுத்த மீன் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.